வண்டி இன்னும் அங்கேயேதான்

ஒரு வேலை பலர் கைக்கு மாறியும் நகராமல் கிடந்தால், ரஷ்யர்கள் "வண்டி இன்னும் அங்கேயேதான்" என்பார்கள். கேட்பதற்கு ஊர்வாய்ப் பழமொழி போலிருந்தாலும், இது இவான் கிரிலோவ் எழுதிய 12 வரிக் கதைப்பாட்டின் கடைசி வரியாகும். அன்னம் வானத்தை நோக்கியும், நண்டு பின்பக்கமாகவும், மீன் தண்ணீரை நோக்கியும் இழுக்க, பாரம் அதிகமில்லாத வண்டி நின்ற இடத்திலேயே நிற்கிறது. மூலத்தில் அந்த வரி "ஆனால் மட்டும்" என்னும் பொருள்படும் இரு சொற்களுடன் தொடங்குகிறது. மக்கள் அவற்றை நீக்கி, ஓரெழுத்து இணைப்புச்சொல் ஒன்றை அங்கே வைத்துவிட்டார்கள். ஒரு வரி புத்தகத்தை விட்டு வெளியேறும்போது இப்படித்தான் தன் சுமையைக் குறைத்துக்கொள்கிறது.

சில வேளைகளில் அந்த வரியே மூலத்தில் இருப்பதில்லை. தீமையில் முடியும் உதவியைக் குறிக்கும் "கரடியின் உதவி" என்ற தொடரைக் கிரிலோவ் எங்கும் எழுதவில்லை. தூங்கும் நண்பனின் நெற்றியில் அமர்ந்த ஈயைக் கரடி பெருங்கல்லால் அடிக்கும் அவருடைய கதையிலிருந்து மக்களே அதை உருவாக்கிக்கொண்டார்கள். அரசனின் மேல் அமர்ந்த ஈயை வாளால் வெட்டிய பஞ்சதந்திரக் குரங்கை அறிந்தவர்களுக்கு இந்தக் கரடி அந்நியமாகத் தோன்றாது.

கிரிபயேதவின் "அறிவால் வந்த துன்பம்" நாடகம் பரவிய வழி வேறு. தணிக்கையாளர்கள் தடுத்ததால் வாசகர்கள் அதைக் கையால் படியெடுத்தே படித்தார்கள். எழுதிய கைக்கு வரிகளும் மனப்பாடமாகியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதன் வரிகளில் பாதி பழமொழியாகும் என்று கவிஞர் புஷ்கின் 1825லேயே ஒரு கடிதத்தில் எழுதினார். இரவு முழுவதும் காதலனுடன் இருந்துவிட்டு, விடிந்ததைக் கூட அறியாத நாடகத்தின் நாயகி சோஃபியா சொல்லும் "மகிழ்ச்சியில் இருப்போர் மணி பார்ப்பதில்லை" என்பது இன்றும் தாமதமாக வருபவருக்குச் சாக்காகப் பயன்படுகிறது.

செகோவின் 1886ஆம் ஆண்டுச் சிறுகதையில், செருப்புத் தைப்பவரிடம் வேலை பழக விடப்பட்ட ஒன்பது வயது வான்கா, தன்னை அழைத்துப் போகும்படி தாத்தாவுக்குக் கடிதம் எழுதுகிறான். தாளை நான்காக மடித்து, முந்தைய நாள் ஒரு கோபெக் காசுக்கு வாங்கிய உறையில் இட்டு, "கிராமத்தில் உள்ள தாத்தாவுக்கு" என்று முகவரி எழுதுகிறான். பிறகு தலையைச் சொறிந்து யோசித்து, "கன்ஸ்தந்தீன் மகாரிச்" என்ற பெயரையும் சேர்க்கிறான். சரியான விலாசமின்றி அனுப்பப்படும் எதையும் ரஷ்யர்கள் "கிராமத்துத் தாத்தாவுக்கு" என்று கேலி செய்கிறார்கள். சிறுவன் யோசித்துச் சேர்த்த பெயரோ அந்தத் தொடரில் இல்லை.