பேட்டரி: மின்கல அடுக்கா, மின்சேமக்கலமா?

காற்றாலை, சூரிய மின்சாரம் பற்றிய செய்தி எதுவானாலும் அதில் ‘பேட்டரி ஸ்டோரேஜ்’ என்ற தொடர் இப்போது வந்துவிடுகிறது. கைப்பேசிக்குள் இருக்கும் பேட்டரி அல்ல இது. ஏக்கர் கணக்கான நிலத்தில் கன்டெய்னர் பெட்டிகளை வரிசையாக நிறுத்தி, பக்கத்திலேயே ஒரு துணை மின் நிலையத்தைக் கட்டி, ஊருக்கே மின்சாரம் தரும் அளவுக்கு அமைக்கிறார்கள். தமிழில் இதற்குப் பேட்டரி சேமிப்பு மையம், மின்கலச் சேமிப்பகம், ஆற்றல் சேமிப்பு அமைப்பு என்று ஆளுக்கொரு பெயர் வைக்கிறோம். எது பொருந்தும் என்று பார்க்க, பேட்டரி என்ற சொல்லையே முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அதன் வேர் பிரெஞ்சு மொழியில் ‘அடித்தல்’ என்று பொருள்படும் வினை. கோட்டை மதிலை அடித்துத் தகர்க்க வரிசையாக நிறுத்திய பீரங்கிகளுக்கு அந்த வினையிலிருந்து பெயர் வந்தது. பெஞ்சமின் பிராங்க்ளின் 1749இல் எழுதிய ஒரு கடிதத்தில் அந்தப் பீரங்கிச் சொல்லை மின்சாரத்துக்குக் கொண்டுவந்தார். 11 பெரிய சன்னல் கண்ணாடிகளின் இருபுறமும் ஈயத் தகடு பொருத்தி, எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்து, மின்னூட்டம் முழுவதும் ஒரே சமயத்தில் பாயும்படி செய்திருந்தார். பீரங்கிகள் சேர்ந்து வெடிப்பதுபோல் கண்ணாடிகள் சேர்ந்து பாய்ச்சியதால் பேட்டரி என்றார். இன்றைய கணக்கில் அது பேட்டரியே அல்ல, மின்தேக்கிகளின் (கெப்பாசிட்டர்) தொகுப்பு.

பேட்டரி என்று இன்று நாம் சொல்வதை முதலில் செய்து காட்டியவர் இத்தாலியின் அலெசாண்ட்ரோ வோல்டா, 1800இல். துத்தநாகத் தட்டு, வெள்ளித் தட்டு, நடுவே உப்புநீரில் நனைத்த அட்டை. இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போனார். அடுக்க அடுக்க மின்னழுத்தம் கூடியது.

பள்ளிப் பாடநூல்களில் படித்த ‘மின்கல அடுக்கு’ என்ற சொல் எவ்வளவு சரியானது என்பது இங்கே விளங்கும். பிரெஞ்சுச் சொல் பீரங்கியிலேயே நின்றுவிட, தமிழ்ச் சொல் வோல்டா செய்த வேலையை அப்படியே சொல்கிறது. தனியாக ஒன்று மின்கலம். பல சேர்ந்தால் மின்கல அடுக்கு. வீட்டு இன்வெர்ட்டருக்கு வைத்திருக்கும் 12 வோல்ட் பேட்டரியின் மேல்பகுதியைப் பாருங்கள். டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற 6 மூடிகள் இருக்கும். ஒவ்வொரு மூடிக்குக் கீழும் ஒரு தனிக் கலம். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2 வோல்ட். ஆறும் சேர்ந்தால்தான் 12.

‘கலம்’ நம்மிடம் முன்பே இருந்த சொல். உண்கலம், மரக்கலம், அணிகலன், கலம் நெல் எல்லாம் அதன் உறவுகள். எதையாவது தாங்கி வைத்திருப்பது கலம். இலங்கைப் பாடநூல்கள் உயிரணுவையும் கலம் என்றே எழுதுகின்றன. பேச்சுவழக்கு வேறு வழியில் போனது. டார்ச்சுக்குப் ‘பேட்டரி லைட்’, அதற்குள் போடுவது ‘பேட்டரி கட்டை’. ஒற்றைக் கலத்தைக் கட்டை என்று பிரித்துச் சொன்ன அந்தப் பேச்சு, பாடநூலின் வேறுபாட்டைத் தன் போக்கில் கண்டுகொண்டது என்றே நினைக்கிறேன்.

சரி, மின்கல அடுக்கு என்றே விட்டுவிடலாமா? ஒரு குறை இருக்கிறது. டார்ச்சில் வழக்கமாகப் போடும் கட்டையை மறுபடி மின்னேற்ற முடியாது. மின் நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் மின்தொகுப்புக்கு (கிரிட்) உதவும் பேட்டரியின் உயிரே திரும்பத் திரும்ப ஏற்றி இறக்குவதில்தான் இருக்கிறது. இந்த வகைக்கு வழிகாட்டியது 1859இல் பிரான்சின் காஸ்டன் பிளாண்டே செய்த ஈய-அமிலக் கலம். இன்றைய லித்தியம் அயனிக் கலங்களும் இந்த வகையே. இவற்றுக்குச் ‘சேமக்கலம்’, ‘சேம மின்கலம்’ என்ற சொற்கள் தமிழில் வழங்குகின்றன. சேமம் என்றால் பாதுகாப்பு, நலம். வடமொழி க்ஷேமத்தின் வழி வந்தாலும் தமிழில் ஊறிய சொல். இலங்கையில் தொழிலாளரின் சேமலாப நிதி என்பதில் இருப்பதும் இதே சேமம்தான்.

ஆனால் சேமக்கலத்துக்கு இன்னொரு பொருளும் உண்டு. கோயிலிலும் இறப்புச் சடங்கிலும் தட்டி ஒலிக்கும் சேகண்டியை நம் ஊர்களில் சேமக்கலம் என்கிறார்கள். ‘சங்கும் சேமக்கலமும்’ என்றாலே கிராமத்தில் வேறு படம்தான் கண்முன் வரும். ஆகவே முன்னால் ‘மின்’ சேர்த்து மின்சேமக்கலம் என்று எழுதுவதே நல்லது. மின்னேற்றக்கூடியது என்பதும் தெரியும், குழப்பமும் வராது.

அடுத்தது ‘ஸ்டோரேஜ்’. இதைச் சேமிப்பு என்று மட்டும் எழுதினால் சிக்கல். ‘மின்சாரத்தைச் சேமிப்போம்’ என்று மின்வாரியம் சொன்னால் விளக்கை அணை என்று பொருள். அதே சொல்லை இங்கே போட்டால், ‘மின் சேமிப்பு நிலையம்’ சிக்கனத்தைப் பற்றியதா, சேர்த்து வைப்பதைப் பற்றியதா என்று படிப்பவர் தடுமாறுவார். தேக்குதல் அழகான சொல், நீர்த்தேக்கம் போல. ஆனால் மின்தேக்கி என்ற பெயர் வேறொரு கருவிக்குப் போய்விட்டது. எனவே இடத்தைக் குறிக்க ‘மின்சேமக்கல நிலையம்’ போதும். சேமம் அதிலேயே இருக்கிறது. சேமிப்பு என்று இன்னொரு முறை சொல்ல வேண்டியதில்லை.

இந்த நிலையங்களை உலகம் திரும்பிப் பார்த்தது 2017இல். அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பர் 28 அன்று வீசிய புயலில் தெற்கு ஆஸ்திரேலியா மாநிலம் முழுவதும் இருளில் மூழ்கியது. அப்புறம் ஜேம்ஸ்டவுனுக்கு அருகே ஹார்ன்ஸ்டேல் காற்றாலைப் பண்ணையை ஒட்டி டெஸ்லா நிறுவனத்தின் மின்சேமக்கலங்கள் நிறுவப்பட்டன. ஒப்பந்தம் கையெழுத்தாகி 100 நாளில் முடிக்காவிட்டால் இலவசம் என்று ஈலான் மஸ்க் அறிவித்திருந்தார். டிசம்பர் 1 அன்று அது இயங்கத் தொடங்கியது. அப்போது அதன் திறன் 100 மெகாவாட், ஆற்றல் 129 மெகாவாட் மணி.

இரண்டு வாரத்திலேயே சோதனை வந்தது. டிசம்பர் 14 அன்று பக்கத்து மாநிலமான விக்டோரியாவில் லாய் யாங் நிலக்கரி மின் நிலையத்தின் 560 மெகாவாட் அலகு ஒன்று திடீரென நின்றது. மின்சாரம் தேவைக்குக் குறைந்ததால் மின்தொகுப்பின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து சரியத் தொடங்கியது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருந்த ஹார்ன்ஸ்டேல், ஒரு நொடிக்கும் குறைந்த நேரத்தில் 7.3 மெகாவாட்டை உள்ளே செலுத்தியது. 560 போன இடத்தில் 7 என்ன செய்யும் என்று தோன்றலாம். சரிவைத் தடுக்க முதலில் கை கொடுப்பது வேகம்தான். கொதிகலனும் சுழலியும் வேகம் பிடிக்க நேரமாகும். சேமக்கலத்தில் சுழலும் பாகம் எதுவும் இல்லை. நேர்திசை மின்னோட்டத்தை மாறுதிசையாக்கும் இன்வெர்ட்டர் கண் இமைப்பதற்குள் வேலையை முடித்துவிடும்.

இங்கேதான் இன்னொரு சொற்குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். செய்திகளில் ‘100 மெகாவாட் பேட்டரி’ என்று மட்டும் போட்டுவிடுகிறார்கள். அது பாதிச் செய்தி. மெகாவாட் என்பது திறன். மெகாவாட் மணி என்பது ஆற்றல். மேல்நிலைத் தொட்டியின் குழாய் எவ்வளவு பெரியது என்பது திறன். தொட்டியில் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்பது ஆற்றல். ஹார்ன்ஸ்டேலின் 100 மெகாவாட்டில் 70ஐச் சில நிமிடங்கள் மட்டும் தேவைப்படும் அவசரத்துக்கு ஒதுக்கினார்கள். மீதி 30 சில மணி நேரம் மின்சாரம் விற்க. ஒரே நிலையம், இரண்டு வேலை. மெகாவாட் மணியை ஆயிரத்தால் பெருக்கினால் நம் மின் கட்டண ரசீதில் வரும் யூனிட் கிடைக்கும். 129 மெகாவாட் மணி என்றால் 1,29,000 யூனிட்.

இத்தகைய நிலையங்களுக்குப் பழைய மின் நிலைய வளாகங்களைத் தேடிப் போகிறார்கள். உயரழுத்த மின்கம்பிகள் அங்கே ஏற்கெனவே வந்து சேர்ந்திருக்கும் என்பதே காரணம். சிட்னிக்கு வடக்கே, மூடப்பட்ட மன்மோரா நிலக்கரி மின் நிலைய வளாகத்தில் 850 மெகாவாட் வராட்டா சேமக்கலம் எழுந்தது இப்படித்தான். கலிஃபோர்னியாவின் மாஸ் லேண்டிங்கிலும் பழைய மின் நிலையத்தின் சுழலிக் கூடத்துக்குள்ளேயே கலங்களை அடுக்கினார்கள். 2025 ஜனவரி 16 அன்று அந்தக் கூடம் தீப்பற்றி எரிந்தது. சுற்றுவட்டாரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. ஒரு கூரைக்குக் கீழே எல்லாவற்றையும் அடுக்கியதற்குக் கொடுத்த விலை இது. திறந்த வெளியில், இடைவெளி விட்டு நிறுத்தும் தனித்தனிப் பெட்டிகளே பாதுகாப்பானவை என்பது என் கருத்தும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் கலங்கள் இப்போது அதிகம் வருவதற்கு, அவை எளிதில் கட்டுமீறிச் சூடாவதில்லை என்பதும் ஒரு காரணம்.

தமிழ்நாட்டில் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் வேலை புதிதல்ல. ஆனைமலையின் காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று மின் நிலையம் 1980களின் பிற்பகுதியிலிருந்து இருக்கிறது. தேவை குறைந்த நேரத்தில் மேல் ஆழியாறிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றி, உச்சநேரத்தில் இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். ‘நீரேற்று’ என்று அதற்கு வாய்த்த பெயரில் செய்யும் வேலை தெரிகிறது. அதனால்தான் புதிய நிலையங்களுக்கும் ‘பெஸ்’ (பேட்டரி எனர்ஜி ஸ்டோரேஜ் சிஸ்டம்) என்ற ஆங்கிலச் சுருக்கத்தை ஒட்டவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தமிழ்நாடு பசுமை எரிசக்திக் கழகம் கோரிய ஒப்பந்தப்புள்ளியை இப்படி எழுதலாம்: ‘500 மெகாவாட் திறனும் 1,000 மெகாவாட் மணி ஆற்றலும் கொண்ட மின்சேமக்கல நிலையங்கள்’. முழுத் திறனில் 2 மணி நேரம் ஓடும், மொத்தம் 10 லட்சம் யூனிட் என்பது படிப்பவருக்கு அதிலேயே கிடைத்துவிடும். கடைக்குப் போய்க் கேட்கும்போது பேட்டரி என்றே கேளுங்கள். அந்தச் சொல்லும் நம்முடையதாகிவிட்டது.