பிராண்டும் கோழி மார்க்கும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மாலை டியூஷன் நடக்கும் கடைவீட்டுக்கு வெளியே, பிள்ளைகள் கழற்றிவிட்ட காலணிகள் வரிசையாகக் கிடக்கும். பள்ளியில் எல்லாருக்கும் ஒரே கறுப்புக் காலணி, போட்டி இங்கேதான். குத்தகையாளர் மகன் தன் நைக்கியின் வளைகோடு தெருவைப் பார்க்கும்படி திருப்பி வைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறான். பெயர் தெரியாத காலணி என்றால் "சாப் ஆயாம்" என்று தள்ளிவிடுவார்கள்.

சாப் ஆயாம் மலாய் வழக்கு. நேர்ப்பொருள் கோழி மார்க்கு. வழக்கில், தரமில்லாத மலிவுச் சரக்கு. 'சாப்' என்பது முத்திரை, அச்சு என்று பொருள்படும் இந்திச் சொல்லிலிருந்து வந்தது. எழுத்துக் கூட்டத் தெரியாதவர்கள் படத்தைப் பார்த்துச் சாமான் வாங்கிய காலத்தில் விலங்கு மார்க்குகளுக்குத் தனி மரியாதை இருந்தது. பாவம் கோழி.

பிராண்ட் என்ற ஆங்கிலச் சொல்லின் மூலப்பொருள் நெருப்பு, கொள்ளிக்கட்டை. 'எரித்த மது' என்ற டச்சுப் பெயரிலிருந்து வந்த பிராந்தி இதற்கு ஒன்றுவிட்ட சகோதரன். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் போட்ட சூட்டுக்குறிக்கு இந்தப் பெயர் வந்தது. மாட்டிலிருந்து பீப்பாய்க்குத் தாவி, கடைசியில் சரக்கின் பெயராகவே நின்றுவிட்டது. சூட்டுக்குறி அது எந்த வீட்டு மாடு என்று சொல்லும். டியூஷன் வாசலில் கிடக்கும் காலணியும் யார் வீட்டுப் பிள்ளை என்றுதான் சொல்கிறது. என்ன, சூடு போட்டுக்கொள்ள எந்த மாடும் காசு கொடுத்ததில்லை. அந்த நைக்கி வளைகோட்டை 1971-இல் வரைந்த மாணவி கேரலின் டேவிட்சன் அப்போது பெற்ற கூலி 35 டாலர்.

மலாய்க்காரர்கள் ஜெனிஸ் (வகை), நாமா (பெயர்) இரண்டையும் ஒட்டி 'ஜெனாமா' என்று அழகாக ஆக்கிக்கொண்டார்கள். தமிழில் வணிகப் பெயர், வணிகக்குறி என இரண்டு உண்டு. கூப்பிடும் பெயருக்கு முதலாவது, பதிவுசெய்த அடையாளத்துக்கு இரண்டாவது. ஆனால் 'பிராண்ட் காலணி' என்பதை 'வணிகப் பெயர்க் காலணி' என்றால் யாருக்கும் விளங்காது; 'பெயர்போன காலணி' போதும்.

எனக்கு ஆசை 'பொறி' மீதுதான். காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தில் சரக்குக்குப் 'புலி பொறித்து' அனுப்பியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. அது அரசனின் முத்திரை, செய்தவனின் குறியல்ல. ஆகவே அதைப் பழந்தமிழர் பிராண்ட் என்று கொண்டாட வேண்டாம். ஆனால் சொல்லைப் பாருங்கள்: தெறிக்கும் நெருப்பும் பொறி, பதித்த அடையாளமும் பொறி. பிராண்டுக்குள் இருக்கும் இரண்டு பொருளும் ஒரே சொல்லில். தடை ஒன்றுதான்: இன்று பொறி என்றதும் எலிப்பொறிதான் நினைவுக்கு வரும். குத்தகையாளர் மகனைப் பார்த்து அதே காலணி கேட்கிற பையனின் தகப்பனார், அந்தப் பொருளே சரி என்பார்.