தடிப்பா, செதிலா?

பெரியப்பாவுக்கு முழங்கையில் ரொம்ப வருஷமாகச் சொரியாசிஸ். தை மாதம் கும்பகோணத்தில் ஒரு மருத்துவமனையில் பிரஷருக்கு அட்டெனலால் எழுதினார்கள். கூடவே தமிழில் ஒரு தாள். ‘தடிப்புத் தோல் அழற்சி உள்ளோர் முன்கூட்டியே தெரிவிக்கவும்.’ மனிதர் கண்ணாடி போட்டு முழுக்கப் படித்தார். “நமக்கு அதெல்லாம் கிடையாதுப்பா, நமக்குச் சொரியாசிஸ்தானே” என்று மாத்திரையைப் போட ஆரம்பித்தார். ஆனி பிறப்பதற்குள் முதுகெல்லாம் படர்ந்துவிட்டது. தாளில் தடிப்புத் தோல் அழற்சி என்று எழுதியிருந்ததே சொரியாசிஸைத்தான்.

கிரேக்கத்தில் ‘ப்சோரா’ என்றால் நமைச்சல், சொறி; சொரியாசிஸ் அதிலிருந்து வந்த பெயர். நம் சொறிக்கும் அதற்கும் ஒலிதான் ஒற்றுமை, உறவில்லை. தொழுநோயோடு குழப்பிக்கொண்டிருந்ததை 1841-இல் வியன்னாவின் தோல் மருத்துவர் ஹெப்ரா பிரித்துக் காட்டினார். சரி, அது போகட்டும்.

‘தடிப்பு’ என்பதுதான் எனக்கு ஆகவில்லை. எங்கள் பக்கம் தடிப்பு என்றால் கம்பளிப்பூச்சி பட்டோ இறால் ஒத்துக்கொள்ளாமலோ எழும்புவது. சாயங்காலத்துக்குள் அமுங்கிவிடும். சொரியாசிஸில் தோல் தடிக்கிறது, உண்மை. ஆனால் ஒரு மாதம் எடுத்து மேலே வரவேண்டிய தோல் நாலைந்து நாளில் வந்து குவிவதால்தான் தடிக்கிறது, குவிந்தது உதிர்கிறது. பெரியப்பாவின் பாயை உதறினால் தவிடு மாதிரி கொட்டும். நோயாளி பார்ப்பது அதைத்தான். பெயரில் அது இல்லையென்றால் யாருக்காக அந்தப் பெயர்?

செதிற்படை என்று சொல்லலாம். ‘படை என்றால் ஒட்டிக்கொள்ளும் என்று நினைப்பார்களே’ என்பார்கள். ஒட்டுவதற்குப் படர்தாமரை என்று தனிப்பெயர் இருக்கிறது. சித்த மருத்துவர்களும் காளாஞ்சகப்படை என்றுதான் சொல்கிறார்கள்; வாயில் நுழையாவிட்டாலும் படையை விடவில்லை.

அப்புறம், நோயைக் கிளப்பிவிடுவதற்கு வைத்திருக்கும் இந்தத் ‘தூண்டும் காரணி’ என்ற பெயர். கிளப்பிவிடும் மருந்து என்றால் மாயவரத்திலும் மன்னார்குடியிலும் யாருக்குப் புரியாது? பிரஷருக்குத் தரும் பீட்டா பிளாக்கர் (பெரியப்பாவின் அட்டெனலால் இந்த வகைதான்), மனநோய்க்கு லித்தியம், மலேரியாவுக்கும் மூட்டுவாதத்துக்கும் தரும் குளோரோகுயின் வகைகள், இவையெல்லாம் சிலருக்குச் செதிற்படையைக் கிளப்பிவிடும். பீட்டா பிளாக்கர் மாதக்கணக்கில் தாமதித்தும் வேலையைக் காட்டும். அதனால் மாத்திரைமேல் சந்தேகமே வராது. ஸ்டீராய்டு மாத்திரையோ, சாப்பிடும்போது அடங்கி, சட்டென்று நிறுத்தினால் சீழ்க்கொப்புளமாகவே கிளம்பலாம். பிரஷர் மாத்திரையையும் தானாக நிறுத்தக்கூடாது, நெஞ்சுக்கு ஆபத்து. தாளில் இதற்கு ‘திடீர் விலக்கம் தவிர்க்கப்படல் வேண்டும்’ என்று எழுதியிருந்தார்கள். யாரை விலக்கச் சொல்கிறார்கள் என்று பெரியம்மா கேட்டார்.