லாவ்ரா: தனிக்குடில் மடம்

கிறித்தவத் துறவியர் குடியிருப்பு வகை ஒன்றைக் குறிக்கும் லாவ்ரா என்னும் கிரேக்கச் சொல்லை 'மடம்' என்று மட்டும் பெயர்த்தால் பிழையாகாது. ஆனால் அச்சொல்லின் உயிர்ப்பொருள் விடுபட்டுவிடும். ஒடுங்கிய சந்து, இடைவழி என்பதே இக்கிரேக்கச் சொல்லின் பழம்பொருள். ஹோமரின் ஒடிசியிலேயே அது அப்பொருளில் வருகிறது. கி.பி. 4ஆம் நூற்றாண்டு முதல் யூதேயப் பாலைவனத்தில் குடியேறிய கிறித்தவத் துறவியர் ஆளுக்கொரு குகையிலோ குடிலிலோ தனித்திருந்து, சனி ஞாயிறுகளில் மட்டும் பொதுக் கோயிலில் கூடினர். சிதறிக் கிடந்த குடில்களைக் கோயிலோடு இணைத்த ஒற்றையடிப் பாதையின் பெயரே குடியிருப்புக்கும் ஆகிவந்தது என்பர். நம் இலக்கணம் இதனை ஆகுபெயர் என்னும்.

இதற்கு மறுதலையானது 'கொய்னோபியன்'. கொய்னோஸ் என்றால் பொது, பியோஸ் என்றால் வாழ்வு. ஒரே மதிலுக்குள் தங்கி, ஒரே பந்தியில் உண்டு, நாள்தோறும் சேர்ந்து வழிபடுவது அது.

இவ்விரண்டின் வேறுபாட்டையும் ஒரே இடிபாட்டில் காணலாம். எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் வழியில் உள்ள கான் அல்-அஹ்மாரில் புனித யூத்திமியுஸ் 5ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒரு லாவ்ராவை நிறுவினார். 473இல் அவர் மறைந்தபின், அவர் விருப்பப்படியே அது கொய்னோபியனாக மாற்றப்பட்டு 482இல் அருட்பொழிவு (வழிபாட்டுக்குப் புனிதப்படுத்தும் சடங்கு) பெற்றது. பழைய கோயில் உணவுக்கூடமாயிற்று. அதன் மேலேயே புதிய கோயில் எழுந்தது. சுற்றிலும் மதில் வந்தது. அம்மடத்திலேயே பின்னாளில் வாழ்ந்த சித்தோபோலிஸ் நகரத்துச் சிரில் இதை எழுதிவைத்திருக்கிறார். தனித்தனியே உண்டவர்களுக்குப் பந்தி தேவைப்பட்ட அந்த ஒரு மாற்றமே கட்டடத்தின் அமைப்பைத் திருப்பிப் போட்டது என்பது என்னை மிகவும் ஈர்க்கிறது. கோயிலின் வண்ணக்கல் தரையும் நிலவறைக் கல்லறையும் இன்றும் எஞ்சியுள்ளன.

பிற்காலத்தில் லாவ்ரா என்பது பெருமடங்களின் சிறப்புப் பெயராக விரிந்தது. 1051இல் தோன்றிய, உக்ரைன் தலைநகரான கீவிலுள்ள குகை மடம் அதற்குச் சான்று.

தமிழில் நெருங்கிய பழஞ்சொல் 'பள்ளி'. சமணத் துறவியர் கற்படுக்கை வெட்டித் தங்கிய குகைகளை அது குறித்தது. எனினும் இன்று பள்ளி என்றால் கல்விக்கூடமே நினைவுக்கு வரும். ஆதலால் லாவ்ராவுக்குத் 'தனிக்குடில் மடம்' என்றும், கொய்னோபியனுக்குக் 'கூட்டுவாழ்வு மடம்' என்றும் வழங்கலாம். அவ்வாறாயின் யூத்திமியுஸ் நிறுவியது தனிக்குடில் மடம். 482இல் அருட்பொழிவு பெற்றது கூட்டுவாழ்வு மடம்.