சிறிய கணினிக்கு வயரா, வயர்லெஸா? மேசையைப் பார்த்து முடிவெடுங்கள்

வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒரு தொடர்மாடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், ஒரே ஆண்டில் மூன்று வயர்லெஸ் மவுஸ்களை வாங்கியிருந்தார். மூன்றுமே அவருடைய கணினியில் அம்புக்குறியைத் திக்கித் திணறியே நகர்த்தின. கடையில் பொருத்திப் பார்த்தபோதோ மூன்றும் குறையின்றி வேலைசெய்தன. நான் வீட்டுக்குச் சென்றிருந்த அன்று அவர் தயங்கியபடி சொன்னது இன்னும் என் மனத்தை விட்டு அகலவில்லை. "தம்பி, என்ர கைதான் நடுங்கத் தொடங்கீட்டுதோ எண்டு நினைச்சுப் போட்டன்."

அவருடைய கையில் எந்தக் குறையும் இல்லை. வெளிநாட்டிலுள்ள மகன் அனுப்பிய, உள்ளங்கையை விடச் சற்றே பெரிய அந்தக் கணினி, மேசையில் இடத்தை அடைக்காதிருக்கத் திரையின் பின்புறத்தில் திருகாணியால் பொருத்தப்பட்டிருந்தது. நாம் டொங்கிள் என்று சொல்லும் மவுஸின் சிறு வாங்கி அதன் பின்பக்க யூஎஸ்பி போர்ட் ஒன்றில் இருந்தது. அதற்கு ஒரு விரல் தடிப்புத் தூரத்தில், நீல நிற யூஎஸ்பி 3 போர்ட்டில், குடும்பப் படங்களைச் சேமிக்கும் ஹார்ட் டிஸ்க் செருகப்பட்டிருந்தது. ஹார்ட் டிஸ்கைக் கழற்றினேன். அம்புக்குறி வழுக்கிக்கொண்டு ஓடியது. மீண்டும் செருகிப் படங்களைப் பிரதி செய்யத் தொடங்கினேன், மறுபடியும் திணறியது.

இதன் காரணம் நன்கு அறியப்பட்டது. யூஎஸ்பி 3.0 வினாடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தரவைக் கடத்தும்போது, அதன் இணைப்பியிலிருந்தும் வயரிலிருந்தும் கசியும் மின்காந்த இரைச்சல் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையிலும் பரவுகிறது. வயர்லெஸ் மவுஸ்களும் விசைப்பலகைகளும் பெரும்பாலும் பேசிக்கொள்வது இதே அலைவரிசையில்தான். இன்டெல் நிறுவனம் 2012ஆம் ஆண்டிலேயே இது பற்றி விரிவான தொழில்நுட்ப அறிக்கை ஒன்றை வெளியிட்டு, வாங்கியை யூஎஸ்பி 3 சாதனங்களிலிருந்து தள்ளி வைக்குமாறு கூறியிருந்தது. ஆயினும் மவுஸ் விற்கும் பெட்டியிலோ கணினியின் கையேட்டிலோ இந்த அறிவுரை இடம்பெறுவது மிக அரிது. ஆசிரியையின் வீட்டில் நான் செய்ததெல்லாம், பம்பலப்பிட்டியில் சில நூறு ரூபாய்க்கு வாங்கிய ஒரு மீற்றர் யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிளின் நுனியில் டொங்கிளைச் செருகி, அதைத் திரையின் அடிப்பாகத்தில், மவுஸின் கண்ணெதிரே கொண்டுவந்து ஒட்டியது மட்டுமே. அலமாரியில் வைத்திருந்த பழைய இரண்டு மவுஸ்களும் அன்றே உயிர்பெற்றன.

பெரிய டவர் கணினியில் இந்தச் சிக்கல் அவ்வளவாகத் தலைகாட்டுவதில்லை, ஏனெனில் அதன் முன்பக்க போர்ட்டுகளுக்கும் பின்பக்க போர்ட்டுகளுக்கும் இடையே போதிய தூரம் உண்டு. சிறிய கணினியிலோ எல்லாமே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. பெட்டி உலோகமாக இருந்தால் அதுவும், அதற்கு முன்னால் நிற்கும் திரையும் சேர்ந்து மவுஸின் மெல்லிய சைகையை மறைக்கின்றன. ஆகவே வயரா வயர்லெஸா என்ற கேள்விக்கு விடை, நீங்கள் வாங்கும் பொருளின் தரத்தை விட, கணினி எங்கே அமர்ந்திருக்கிறது, அதன் அருகில் வேறு என்ன செருகப்பட்டிருக்கிறது என்பதிலேயே பெரிதும் தங்கியிருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. கறுப்பு நிற யூஎஸ்பி 2 போர்ட் முன்பக்கத்தில் இருந்தால் டொங்கிளுக்கு அதையே கொடுங்கள்.

புளூடூத் சாதனங்களுக்கு டொங்கிள் தேவையில்லை என்பதால் போர்ட் ஒன்று மிச்சமாகிறது என்பது உண்மை. ஆனால் அதுவும் 2.4 கிகாஹேர்ட்ஸிலேயே இயங்குகிறது. நெரிசலான பகுதிகளைத் தவிர்த்து அலைவரிசைக்குள் தாவித் தாவிச் செல்லும் திறன் மட்டுமே அதற்குக் கூடுதலாக உண்டு. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ரவுட்டர் இருக்கும் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டித் தொடர்மாடிகளில், இதே அலைவரிசையில் ஒன்றோடொன்று மேற்படாத 1, 6, 11 ஆகிய மூன்று வைஃபை சனல்களையும் அக்கம்பக்கத்தார் ஏற்கனவே பகிர்ந்துகொண்டிருப்பார்கள். உங்கள் கணினியின் வைஃபை இணைப்பை 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாற்றினால், அல்லது ரவுட்டரிலிருந்து ஒரு நெட்வேர்க் கேபிளை நேரடியாக இழுத்துவிட்டால், புளூடூத் சற்று மூச்சுவிடும். கேபிளே சிறந்தது.

விசைப்பலகை விடயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டதை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். அதற்குப் பின்னர் கொட்டாஞ்சேனையிலிருந்து கணக்காளர் ஒருவர், மதர்போர்ட் எரிந்துவிட்டது என்ற முடிவோடு தமது சிறிய கணினியை என்னிடம் கொண்டுவந்தார். உண்மையில் அதற்குள் இருந்த நாணய வடிவ பற்றரி முன்பே தீர்ந்திருந்தது. மின்சாரம் முற்றாக நின்றதும் கணினி தன் அமைப்புகளை மறந்து, தொடர்வதற்கு எஃப்1 விசையை அழுத்தும்படி கேட்டுக்கொண்டு நின்றது. அவரிடம் இருந்ததோ புளூடூத் விசைப்பலகை மட்டுமே. விண்டோஸ் எழும்பிய பின்னரே இயங்கக்கூடிய அந்த விசைப்பலகையை அவர் எத்தனை தடவை அழுத்தியும் பயன் கிடைக்கவில்லை. என் மேசையிலிருந்த வயர் விசைப்பலகையைச் செருகி ஒரே விசையை அழுத்தினேன், கணினி எழுந்தது. அதன் பின் புதிய பற்றரி ஒன்றைப் போட்டு, நேரத்தையும் திகதியையும் சரிசெய்து கொடுத்தேன். பிட்லொக்கர் என்ற விண்டோஸின் தரவுப் பூட்டுப் போடப்பட்ட கணினியாக இருந்திருந்தால், இத்தகைய நிலையில் 48 இலக்க மீட்புத் திறவுகோலையும் அது கேட்டிருக்கக்கூடும். அதையும் விண்டோஸ் எழுவதற்கு முன்னரே தட்டச்சு செய்தாக வேண்டும். எந்த வகை விசைப்பலகையை அன்றாடம் பாவித்தாலும், சாதாரண வயர் விசைப்பலகை ஒன்று வீட்டில் கட்டாயம் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இதைவிடவும் கவலைக்குரிய காரணம் ஒன்று உண்டு. விசைப்பலகையில் நாம் தட்டுவது கடிதங்களை மட்டுமல்ல. வங்கிக் கடவுச்சொல்லும் அட்டை இலக்கமும் அதன் வழியேதான் போகின்றன. 2016ஆம் ஆண்டில் பாஸ்டில் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், மலிவு விலை வயர்லெஸ் விசைப்பலகைகள் சில, அழுத்தப்படும் ஒவ்வொரு விசையையும் பிறர் வாசிக்க முடியாதபடி மாற்றும் மறைகுறியாக்கம் எதுவும் இன்றி அப்படியே வானில் வீசுவதையும், சுமார் 250 அடி தூரத்தில் இருப்பவர் அதைக் கேட்டு வாசிக்க முடியும் என்பதையும் காட்டினார்கள். 250 அடி என்பது எங்கள் ஒழுங்கைகளில் பல கட்டடங்களைக் கடக்கும் தூரம். அதே ஆண்டின் முற்பகுதியில் அவர்கள் வெளியிட்ட வேறொரு ஆய்வு, சில வயர்லெஸ் மவுஸ்களின் டொங்கிளுக்கே வெளியிலிருந்து போலி விசை அழுத்தங்களை அனுப்பிக் கணினியைக் கையாள முடியும் என்று நிறுவியது. சில உற்பத்தியாளர்கள் திருத்தம் வெளியிட்டார்கள். திருத்தவே முடியாத வடிவமைப்புகளும் இருந்தன. எனவே புறக்கோட்டை நடைபாதையில் பெயர் தெரியாத ஒரு வயர்லெஸ் விசைப்பலகை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி, அதில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள். வயர்லெஸ்தான் வேண்டுமென்றால், 128 பிட் ஏஇஎஸ் (AES) மறைகுறியாக்கம் உண்டு என்று பெட்டியில் தெளிவாக எழுதப்பட்டிருப்பதைத் தேடுங்கள். இல்லையேல் வயர் விசைப்பலகையே போதும்.

ஹெட்செட்டைப் பற்றிப் பெற்றோர் அடிக்கடி கேட்கிறார்கள். பாட்டுக் கேட்கும்போது தெளிவாக ஒலிக்கும் புளூடூத் ஹெட்செட், பிள்ளை ஒன்லைன் வகுப்பில் பேசுவதற்காக அதன் மைக்கைத் திறந்ததும் தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடுகிறது. வழமையான புளூடூத் முறையில், மைக் இயங்கும்போது உயர்தர ஒலிக்கான வழி மூடப்படுவதே இதற்குக் காரணம். புதிய எல்ஈ ஓடியோ முறை இதை மாற்றுகிறது என்றாலும், கணினியும் ஹெட்செட்டும் இரண்டுமே அதை ஆதரிக்க வேண்டும். உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளைக்கு யூஎஸ்பி வயர் ஹெட்செட் வாங்கிக் கொடுப்பதே நல்லது.

இவ்வளவும் சொன்னதால் வயர்லெஸை நான் வெறுக்கிறேன் என்று கொள்ளவேண்டாம். வயர் நடைபாதைக்குக் குறுக்கே போக நேர்ந்தால், வீட்டில் முதியவரோ தவழும் குழந்தையோ இருந்தால், தயங்காமல் வயர்லெஸ் மவுஸை வாங்குங்கள். சிறிய கணினியைத் தொலைக்காட்சியோடு இணைத்துச் சோபாவிலிருந்து இயக்குபவர்களுக்கும் அதுவே பொருந்தும். யூஎஸ்பி 2 வயரை 5 மீற்றருக்கு மேல் நம்பி நீட்டவும் முடியாது. அந்த ஆசிரியையிடமும் வயர் மவுஸுக்கு மாறும்படி நான் சொல்லவில்லை. சாய்வு நாற்காலியில் இருந்தபடி மடியில் ஒரு புத்தகத்தை வைத்து அதன் மேல் மவுஸை நகர்த்துவது அவருக்குப் பழகிப்போயிருந்தது.

வயர்லெஸைத் தேர்ந்தால் பற்றரியைப் பராமரிக்கும் பொறுப்பும் கூடவே வருகிறது. நீண்டநாள் உள்ளே கிடக்கும் அல்கலைன் பற்றரி கசியும்போது வெளிவரும் பொற்றாசியம் ஐதரொட்சைட்டு, உலோக முனைகளை அரித்து வெண்பொருக்காகப் படிகிறது. கடற்காற்றின் உப்பும் ஈரமும் சேரும் எங்கள் பகுதியில் அந்த முனைகள் இன்னும் விரைவாகத் துருப்பிடிக்கின்றன. ஆரம்பநிலையில் கண்டால், பஞ்சுக் குச்சியில் சிறிது வினாகிரியைத் தொட்டுத் துடைத்து, நன்கு உலரவிட்டு மீட்டுவிடலாம். பாடசாலை விடுமுறைக்குக் குடும்பத்தோடு யாழ்ப்பாணம் புறப்படுகிறீர்கள் என்றால், எரிவாயுச் சிலிண்டரை மூடும் அந்தக் கையோடு மவுஸின் பற்றரியையும் கழற்றி மேசை லாச்சியில் வைத்துவிட்டுப் போங்கள்.