கோழிக்குக் கல்லும் வேண்டும், சிப்பியும் வேண்டும்

சிப்பி ஓட்டை நொறுக்கிப் போட்டுவிட்டால் கல்லுக்கும் ஆயிற்று, கால்சியத்துக்கும் ஆயிற்று என்று கோழி வளர்க்கிற பலர் இருந்துவிடுகிறார்கள். அது போதாது. கல், சிப்பி இரண்டும் கோழியின் வயிற்றில் ஒரே இடத்துக்குத்தான் போகின்றன, ஆனால் கல் கரையாமல் கிடக்க வேண்டும், சிப்பி கரைந்தே ஆக வேண்டும்.

கோழிக்குப் பல் இல்லை. கொத்தித் தின்ற தானியம் தீனிப்பையில் ஊறி, அமிலம் சுரக்கும் இரைப்பையைக் கடந்து, தடித்த தசையாலான அரைவைப்பைக்கு வந்து சேர்கிறது. அந்தத் தசை இறுக்கிப் பிசையும்போது உள்ளே கிடக்கிற கற்கள் தானியத்தை நொறுக்குகின்றன. இதற்குக் கருங்கல் துணுக்கு போல அமிலத்துக்கு அசையாத கல்தான் சரி. வெளியே மேயும் கோழி தானே பொறுக்கிக்கொள்ளும். அடைத்து வைத்து முழுத் தானியம் கொடுத்தால் நாம்தான் வைக்க வேண்டும். அரைத்த தீவனம் மட்டும் தின்கிற கோழிக்கு அவ்வளவு அவசியமில்லை.

கால்சியம் கதை இன்னும் சுவையானது. ஒரு முட்டை ஓட்டில் மட்டும் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது, ஓடு முழுதாக உருவாக ஏறக்குறைய 20 மணி நேரம் பிடிக்கிறது, அதில் பெரும்பகுதி கோழி எதுவும் தின்னாமல் உறங்குகிற இரவில் நடக்கிறது! அப்போது கால்சியம் எங்கிருந்து வரும்? பகலில் தின்ற சுண்ணாம்புத் தூள் சீக்கிரமே கரைந்து போயிருக்கும். ஆனால் 2 முதல் 4 மில்லிமீட்டர் அளவுள்ள சிப்பித் துண்டு அரைவைப்பையில் தங்கி, இரவு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருக்கும். அதனால்தான் தூளைவிடத் துண்டு நல்லது என்று அழுத்திச் சொல்கிறேன். பற்றாத மிச்சத்தை எலும்புக்குள் சேர்த்துவைத்த இருப்பிலிருந்து கோழி எடுக்கும், அதுவும் தீர்ந்தால் ஓடு இறுகாத தோல்முட்டை, கால் பலவீனம். வைட்டமின் டி குறைந்தால் கொடுத்த கால்சியமும் உடம்பில் சரியாகச் சேராது.

சரி, எப்படிக் கொடுப்பது? தீவனத்தில் கலக்காமல், தனித்தனிக் கிண்ணத்தில் வைத்துவிடுங்கள். முட்டையிடும் கோழி மாலையில் சிப்பியை அதிகம் தேடும், தேவையை அதுவே பார்த்துக்கொள்ளும். முட்டை ஓட்டையும் போடலாம், நன்றாகச் சூடாக்கி உலர்த்தி, முட்டை என்று அடையாளம் தெரியாதபடி நொறுக்கிவிட வேண்டும். முட்டையிடத் தொடங்காத குஞ்சுகளுக்கு மட்டும் முட்டைக்கோழித் தீவனம் வேண்டாம், அதிலுள்ள மிகுதியான கால்சியம் அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.