‘கூறப்படுகிறது’ என்றால், யார் கூறியது?

மொபைலில் வந்த நடிகைச் செய்தியை நம்பிச் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு வந்தவர்களில், இந்த மாதத்தில் இது நான்காவது ஆள். முதல் மூவருக்கும் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். நான்காவதாக வந்தவரின் காலைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

பாம்பன் பக்கத்துப் பெண். ஐம்பதை நெருங்கும் வயது. விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு கடலில் மூழ்கிப் பாசி எடுப்பவர். ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு ஒழுங்காக மாத்திரை போட்டு வந்தவர். காலில் பாறை கிழித்திருக்கிறது. பாதம் மரத்துப்போயிருந்ததால் வலி தெரியவில்லை. புண்ணிலிருந்து வாடை வந்த பிறகுதான் மகள் கவனித்து அழைத்து வந்தாள். சர்க்கரை 412. (அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

“மாத்திரை போடுகிறீர்களா அக்கா?” என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். மகள்தான் மொபைலை நீட்டினாள். ‘சர்க்கரை மாத்திரையால் பிரபல நடிகைக்கு நேர்ந்த கொடூரம்! செயலிழந்த சிறுநீரகம்! கதறும் குடும்பம்!’ ஆறு வாரங்களுக்கு முன்பு இதைப் பார்த்த அன்றே மாத்திரையை நிறுத்தியிருக்கிறார்.

“அவ்வளவு பெரிய நடிகைக்கே அப்படி என்றால் நான் எம்மாத்திரம் டாக்டரம்மா?”

கட்டுப் போட்டு முடித்ததும் அந்தக் காணொலியை முழுவதும் பார்த்தேன். எட்டு நிமிடம். முகப்பில் ஆக்சிஜன் மாஸ்க் போட்ட ஒரு முகம், அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம். மாஸ்க்கின் குழாய் எதனோடும் இணைக்கப்படாமல் தலையணை மேல் கிடக்கிறது. எந்த வார்டிலும் நோயாளியை அப்படிப் படுக்க வைக்கமாட்டார்கள். ஏதோ படப்பிடிப்பில் எடுத்தது. நடிகையின் பெயர் இல்லை, மருத்துவமனையின் பெயர் இல்லை, மருந்தின் பெயரும் இல்லை. ஏழாவது நிமிடத்தில் ஒரு குரல், ‘அவர் தற்போது நலமாக இருப்பதாகக் கூறப்படுகிறது’ என்று வாசித்துவிட்டுப் போகிறது. இந்த அக்கா ஏழாவது நிமிடம் வரை பார்க்கவே இல்லை. தலைப்போடு சரி.

‘கூறப்படுகிறது’, ‘தெரிகிறது’, ‘பேசப்படுகிறது’. இந்தச் சொற்களைக் கண்டாலே நில்லுங்கள். கூறியது யார்? நான் மாணவியாக இருந்தபோது, கேஸ் ஷீட்டில் ‘காய்ச்சல் இருந்ததாகத் தெரிகிறது’ என்று எழுதினால் பேராசிரியர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். நோயாளி சொன்னாரா, அவருடைய தாய் சொன்னாரா, நீ தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தாயா என்று கேட்பார். அதே கேள்வியைத்தான் தலைப்புகளிடமும் கேட்கச் சொல்கிறேன்.

“நெருப்பில்லாமல் புகையுமா? பொய்யாக இருந்தால் நடிகை கேஸ் போடமாட்டாரா?” என்றாள் மகள். நால்வர் வீட்டிலும் இதையேதான் கேட்டார்கள். எனக்கு ஆற்றாமையாக இருப்பதும் இதனால்தான். யார் கேஸ் போடுவது? ‘பிரபல நடிகை’ என்றுதானே போட்டிருக்கிறது. அது நான்தான் என்று எந்த நடிகை முன்வந்து நிற்பார்? பெயரைப் போடுகிறவர்களும் கடைசியில் ஒரு கேள்விக்குறியைச் சேர்த்துவிடுகிறார்கள். நாங்கள் சொல்லவில்லை, கேட்கத்தான் செய்தோம் என்பதற்காக. அவதூறு வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அதற்குள் அந்தச் சேனல் வேறு பெயரில் வந்திருக்கும். ‘நான் நம்பாமல்தான் பார்த்தேன்’ என்பவர்களுக்கும் சொல்கிறேன்: நம்பிப் பார்த்தாலும் நம்பாமல் பார்த்தாலும் கணக்கில் ஒரு பார்வைதான். விளம்பரக் காசு போய்ச் சேர்ந்துவிடும். புகையையே விற்கிறவர்களுக்கு நெருப்பு எதற்கு?

எஸ்.பி.பாலசுப்ரமணியம் கொரோனாவோடு சென்னை மருத்துவமனையில் சேர்ந்தது 2020 ஆகஸ்ட் 5. காலமானது செப்டம்பர் 25. அந்த ஏழு வாரமும் நாள் தவறாமல் ஒரு வதந்தி. ஆகஸ்ட் 24 அன்று அவருக்குத் தொற்று நீங்கிவிட்டது என்று செய்தி பரவி, அதை மறுப்பதற்கென்றே மகன் சரண் காணொலி வெளியிட வேண்டியிருந்தது. இதயம், நுரையீரலின் வேலையை வெளியிலிருந்து செய்யும் எக்மோ கருவியில் தந்தை இருக்கும்போது ஒரு மகனுக்கு அந்த வேலையையும் கொடுத்தோம். எக்மோவில் இருப்பவரின் பக்கத்தில் நின்றிருக்கிறேன். அந்தக் குடும்பங்களின் முகத்தைப் பார்த்தவர்கள் இதைச் செய்யமாட்டார்கள்.

சம்பந்தப்பட்டவரின் சொந்தப் பக்கத்தில் வந்தாலும் ஒரு நாள் பொறுங்கள். 2024 பிப்ரவரி 2 அன்று, கருப்பைவாய்ப் புற்றுநோயால் நடிகை பூனம் பாண்டே இறந்துவிட்டதாக அவருடைய இன்ஸ்டாகிராம் பக்கத்திலேயே வந்தது. பெரிய ஊடகங்களும் வெளியிட்டன. மறுநாள் அவரே தோன்றி, உயிரோடுதான் இருக்கிறேன், விழிப்புணர்வுக்காகச் செய்தேன் என்றார். உண்மையாகவே அந்த நோயோடு போராடுகிற பெண்கள் அந்த ஒரு நாளை எப்படிக் கழித்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். சர்க்கரைக்குப் பரவலாகக் கொடுக்கும் மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் மருந்து அல்ல. சிறுநீரகம் ஏற்கெனவே பழுதாகியிருந்தால் அதன் அளவைக் குறைப்போம், தேவைப்பட்டால் நிறுத்துவோம். அதைத்தான் திரித்துச் சொல்கிறார்கள். சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுக்குள் இல்லாத சர்க்கரையும் இரத்த அழுத்தமும். இரத்த அழுத்தத்தை ஏற்றும் கருவாட்டு உப்பைப் பற்றிக் கவலைப்படுங்கள், நடிகையைப் பற்றி வேண்டாம்.

பெயரில்லாத செய்தியைத் திறக்காதீர்கள். ஆச்சரியக்குறி மூன்று இருந்தால் கண்டிப்பாகத் திறக்காதீர்கள். மரணச் செய்தி என்றால் குடும்பமோ மருத்துவமனையோ அறிக்கை தரும்வரை யாருக்கும் அனுப்பாதீர்கள். மீன்பிடித் தடைக்கால 61 நாளும் படகுக்கார அண்ணன்மார் கையில் மொபைலோடுதான் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஊர்க் குழுவில் வருவதையெல்லாம் வீட்டுப் பெண்களுக்குத் தள்ளிவிடாதீர்கள். அவர்களில் பலருக்குத் தலைப்பை மட்டும் எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் நேரம் இருக்கிறது.

உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். எதையாவது படித்துவிட்டுப் பயமாக இருந்தால், மாத்திரையை நிறுத்துவதற்கு முன்பு வந்துவிடுங்கள். மாத்திரை அட்டையோடு அந்த மொபைலையும் கொண்டு வாருங்கள். வரிசையில் எத்தனை பேர் காத்திருந்தாலும் உங்களோடு உட்கார்ந்து ஏழாவது நிமிடம் வரை பார்க்கிறேன்.

அந்த அக்காவுக்கு நாளை ஆறாவது கட்டு. இரண்டு கால்விரல்களைக் காப்பாற்ற முடியுமா என்று இன்னும் சொல்ல முடியவில்லை.